இலவசமாய்க் கிடைக்கும் ஆங்கிலம்: எதை இரவல் வாங்குவது, எதைச் சொந்தமாக்கிக் கொள்வது?



வழக்கமாக இப்பக்கத்தில் தமிழ்மொழிப் பாடம் குறித்தே எழுதி வருகிறேன். இம்முறை ஆங்கிலமொழிப் பாடத்தைப் பற்றி எழுத விழைகிறேன். தமிழாசிரியைக்கு ஆங்கிலப் பாடத்தில் என்ன அக்கறை என்று சிலர் வியக்கக்கூடும். மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகளில் ஓர் ஆசிரியரே நான்கைந்து பாடங்களைப் போதிப்பது புதிதன்று. அவ்வகையில் தமிழோடு ஆங்கிலத்தையும் பல ஆண்டுகளாகப் போதித்து வருபவள் நான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலப் பாட வளங்களை இக்காலம் முழுவதும் தேடியும் பயன்படுத்தியும் வந்திருக்கிறேன். அந்தப் பட்டறிவையே இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

ஏன் இது நமக்கு முக்கியம்?

ஆண்டு 1க்கான மாணவர் பதிவு தொடங்கியதும் பெற்றோரிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், தமிழ் ஸ்கூல்ல போட்டா பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?" என்பதே அது. இப்படிக் கேட்பவர்கள் தமிழ்ப்பற்று இல்லாதவர்கள் அல்லர். அவர்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். நேர்முகத் தேர்விலோ வேலையிடத்திலோ ஆங்கிலம் வராமல் கூனிக் குறுகிய நாள்களை மறக்க முடியாதவர்கள். தாங்கள் பட்ட பாடு தங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்னும் தவிப்பே அக்கேள்வியாக வெளிப்படுகிறது. "வரும்" என்று வாயளவில் சொன்னால் போதாது. வகுப்பறையில் காட்ட வேண்டும்.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டப்புறங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு இயங்குபவை. அத்தகைய பள்ளிக்கு ஒரு பிள்ளை வராமல் போவதும் பேரிழப்பே. ஆங்கிலத்தைக் காரணம் காட்டி ஒரு குடும்பம் வேறு பள்ளியை நாடினால், அப்பிள்ளை தமிழை எழுதவும் வாசிக்கவும் கற்கும் வாய்ப்பும் பெரும்பாலும் அத்தோடு போய்விடுகிறது. ஆகவே, தமிழ்ப்பள்ளியில் நன்றாக நடக்கும் ஓர் ஆங்கில வகுப்பு தமிழுக்கும் அரண் என்றால் மிகையாகாது.

2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் கொள்கை வந்தது. மடிக்கணினியும் ஒளிபடக்காட்டியும் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. 2012 முதல் அக்கொள்கை படிப்படியாக விலக்கப்பட்டது. பின்னர் 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமாகி, தமிழ்ப்பள்ளிகளில் பெரும் விவாதத்தை எழுப்பியது. ஆங்கிலப் பாட நேரத்தில் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்பித்தால், அதற்காக அறிவியலையும் கணிதத்தையும் தமிழிலிருந்து பிரித்தெடுக்க வேண்டிய தேவை இராது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் தேசியப் பள்ளிகளோடு ஒப்பிடும்போது நம் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கிடைக்கும் சிறிது நேரத்தில் நல்ல பயிற்றுத் துணைப்பொருள் கையில் இருப்பது இன்றியமையாதது. வசதி குறைந்த பள்ளிக்கு அப்பொருள் இலவசமாகவும் இருக்க வேண்டும்.

இரவலும் சொந்தமும்

இணையத்தில் இலவசத்துக்குப் பஞ்சமில்லை. தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. எனினும், எல்லா இலவசமும் ஒன்றன்று. இன்று பயன்படுத்த மட்டும் விடுவது இரவல். எடுத்து வைத்துக்கொள்ள விடுவது சொந்தம். இவ்வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

இந்த இருபது ஆண்டுகளில் மூடப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ ஆசிரியர்கள் தங்கள் பயிற்சிகளை ஏற்றி வைத்திருந்த ஜியோசிட்டிஸ் 2009இல் மூடப்பட்டது. விக்கிஸ்பேசஸ் 2018இல் ஆசிரியர்களிடமிருந்து விடைபெற்றது. நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட ஃபிராக் மெய்நிகர் கற்றல் தளம் 2019இல் முடிவுக்கு வந்தது. ஃபிளாஷ் தொழில்நுட்பத்தின் ஆதரவு 2020 இறுதியில் நிறுத்தப்பட்டதும், அதில் உருவான எண்ணற்ற ஆங்கிலச் சொல் விளையாட்டுகள் ஒரே நேரத்தில் உயிரிழந்தன. எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. மாணவர்கள் தங்கள் பேச்சை நிகழ்படமாகப் பதிவுசெய்து பகிர்ந்த ஃபிளிப் செயலி 2024 ஜூலையில் தனிச்சேவையாக இல்லாமல் போனது. ஜேம்போர்டு வெண்பலகை அதே ஆண்டின் இறுதியில் நின்றது.

இதில் வியப்பேதும் இல்லை. நமக்கு இலவசமான ஒன்றுக்கு வேறு எவரோ பணம் செலுத்திக் கொண்டிருக்கிறார்கள். முதலீட்டாளரோ, விளம்பரதாரரோ, அரசோ, அறக்கட்டளையோ அச்செலவை ஏற்கின்றனர். அவர்கள் கையை விரித்துவிட்டால் நம் வகுப்பும் நின்றுவிடும். நானும் ஒரு தளத்தில் இரண்டு தவணைகள் முயன்று சொல்வளப் பயிற்சிகளை உருவாக்கி வைத்திருந்தேன். ஒருநாள் திறந்து பார்த்தால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட பயிற்சிகளுக்குக் கட்டணம் செலுத்துமாறு அறிவிப்பு வந்திருந்தது. "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்னும் பழமொழிதான் அப்போது நினைவுக்கு வந்தது.

இரவல் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கஹூட், வேர்டுவால் போன்றவை பிள்ளைகளுக்கு உற்சாகமூட்டுகின்றன. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் ஆண்டு முழுவதற்குமான பாடத்தின் முதுகெலும்பை அவற்றின்மீது அமைக்கக் கூடாது.

நான் கேட்கும் மூன்று கேள்விகள்

ஓர் இலவச வளத்தைக் கண்டால் நான் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. இணையம் இல்லாதபோதும் இது இயங்குமா? தோட்டப்புறப் பள்ளியில் மழை பெய்தாலே இணையத் தொடர்பு அறுந்துவிடுகிறது. பென்டிரைவ் எனப்படும் விரலியில் சேமிக்கவோ தாளில் அச்சிடவோ முடிந்தால் அது சொந்தம்.

2. இதைப் படியெடுக்கவும் மாற்றவும் எனக்கு உரிமை உண்டா? இணையத்தில் கிடைப்பதாலேயே ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், படைப்பாளர் எதற்கு இசைவு தருகிறார் என்பதைத் தெளிவாகக் கூறுகின்றன. பக்கத்தின் அடியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

3. இது பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கிறதா? சரியான விடையைச் சொடுக்குவதற்கு ஒரு விரல் போதும். ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் மொழி வேண்டும்.

இம்மூன்று கேள்விகளுக்கும் ஈடுகொடுத்து நிற்பவை சிலவே. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

செவிக்கு

வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது கேட்டல். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் சிறப்பு ஆங்கிலம் என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சொற்கள், குறுகிய வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு ஆகியவையே அதன் இலக்கணம். பின்னாளில் அது ஆங்கிலம் கற்போம் என்னும் பொருள்படும் பெயருக்கு மாறி, எழுத்துவடிவத்தோடு இணையத்திலும் வந்தது. ஆண்டு 5, 6 மாணவர்களுள் சற்று முன்னேறியவர்களுக்கு இது மிகவும் பொருந்தியது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணையைத் தொடர்ந்து, அந்நிலையத்தின் பணியாளர்களில் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட்டனர், ஒலிபரப்பு நின்றது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்த சேவைக்கே இந்நிலை. ஆனால் அந்நிலையம் தானே உருவாக்கிய படைப்புகள் பொதுவுடைமை என்பதால், ஒலிக்கோப்புகளை முன்னரே இறக்கி வைத்திருந்த ஆசிரியரின் வகுப்பு ஒருநாளும் தடைபடவில்லை. இரவலுக்கும் சொந்தத்துக்கும் இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அடுத்தது லிப்ரிவாக்ஸ். கனடாவின் மொன்ட்ரியல் நகரில் 2005இல் தொடங்கப்பட்ட இத்தளத்தில், காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து ஒலிநூலாக்குகின்றனர். அவ்வொலிப்பதிவுகளையும் அவர்கள் பொதுவுடைமையாகவே விட்டுவிடுகின்றனர். வாசிப்பவரின் தரமும் உச்சரிப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே முழுவதையும் கேட்டுத் தெரிவு செய்ய வேண்டும். தொடக்கப்பள்ளிக்கு ஈசாப்பு நீதிக்கதைகள் ஏற்றவை. ஒவ்வொரு கதையும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். நான் ஒரு கதையை மூன்று முறை ஒலிக்கச் செய்வேன். முதல்முறை வெறுமனே கேட்க வேண்டும். இரண்டாம்முறை படங்களை வரிசைப்படுத்த வேண்டும். மூன்றாம்முறைதான் எழுத்துவடிவம் கைக்கு வரும்.

இளையோருக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் சிறுவர் ஆங்கிலத் தளத்தில் பாடல்களும் சிறுகதைகளும் அவற்றுக்கான பயிற்சித்தாள்களும் உள்ளன. அப்பயிற்சித்தாள்களை அச்சிட்டு வகுப்பில் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றின் உரிமை அவர்களுடையதே. எடுத்து நம் பெயரில் வெளியிடக் கூடாது.

பாட்டியைக் காணோம்!

ஒருமுறை ஆண்டு 3 மாணவர்களுக்குக் காகமும் நரியும் கதையை ஆங்கிலத்தில் ஒலிக்கச் செய்தேன். மரக்கிளை, காகம், நரி, பாட்டுப் பாடச் சொல்லும் தந்திரம் எல்லாம் அவர்களுக்கு உடனே விளங்கின. இரண்டாம்முறை கேட்டு முடித்ததும் ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், பாட்டியைக் காணோமே!"

"வடையும் இல்ல டீச்சர். சீஸ்னு சொல்றாங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஈசாப்பின் காகம் பாலாடைக்கட்டியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை ஒலிநூல் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு அது பெருங்குறையாகப் பட்டது. "அப்படியானால் பாட்டியை நீங்களே ஆங்கிலத்தில் கொண்டு வாருங்கள்" என்றேன். அன்றைய நாள் பாடத்திட்டத்தில் அது இல்லை. எனினும் அடுத்த அரைமணி நேரத்தில் பாட்டி எங்கே உட்கார்ந்திருந்தாள், என்ன செய்தாள், சட்டியில் எண்ணெய் எப்படிக் கொதித்தது, காகம் எப்போது வந்தது என்று ஆறு வாக்கியங்கள் கரும்பலகையில் ஏறிவிட்டன. இறந்தகால வினைச்சொற்களை நான் கேட்காமலேயே அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வடைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று நெடுநேரம் வாதிட்டு, வடை என்றே இருக்கட்டும் என முடிவு செய்தார்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் தமிழிலிருந்து ஆங்கில அகராதிக்குள் நுழைந்த கதையை அப்போது சொன்னேன். அவர்கள் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது.

இந்நிகழ்வு எனக்கு ஒன்றை உணர்த்தியது. பிள்ளை தமிழில் முன்பே அறிந்த ஒன்றுதான் ஆங்கிலத்துக்கு ஏறும் படிக்கட்டு. ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே வீசக்கூடாது என்று எண்ணுவோர் உண்டு. தெரிந்த கதையைத் தெரியாத மொழியில் கேட்கும் பிள்ளை, கதையைப் புரிந்துகொள்ளத் தவிக்காமல் மொழியை மட்டும் கவனிக்கிறது. 2018இல் ஐரோப்பிய மொழித்தரச் சட்டகத்துக்கேற்ப அமைந்த கலைத்திட்டத்தோடு ஆண்டு 1க்கு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பாடநூல் அறிமுகமானபோது, அதில் வந்த வாழ்க்கைச் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கிறதே என்று நாடெங்கும் ஆசிரியர்கள் பேசிக்கொண்டதை நினைவுகூர்கிறேன். அந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு இலவச வளங்களில் உண்டு.

கண்ணுக்கு

இவ்வகையில் எனக்கு மிகவும் துணைநிற்பது ஸ்டோரிவீவர் தளம். இந்தியாவின் பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் இதனை 2015 செப்டம்பரில் தொடங்கியது. வண்ணப் படங்களோடு கூடிய சிறுவர் கதைகள் நூற்றுக்கணக்கான மொழிகளில் உள்ளன. வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிநிலைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே கதை, ஒரே படங்கள், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என எடுத்துக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருப்பதால் படைப்பாளர் பெயரைக் குறிப்பிட்டு அச்சிடலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

நான் செய்வது இதுதான். தமிழ்ப்பாட வேளையில் தமிழ் வடிவத்தை வாசிக்க வைப்பேன். இரண்டு நாள் கழித்து ஆங்கில வேளையில் அதே கதையின் ஆங்கில வடிவம் வரும். பிள்ளைகள் படங்களைக் கண்டதுமே ஆர்ப்பரிப்பார்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அகராதி தேவைப்படுவது மிகக் குறைவு. கதை ஒன்றே, பாடங்கள் இரண்டு. தமிழ் வாசிப்பும் வளர்கிறது, ஆங்கில வாசிப்பும் வளர்கிறது. ஆங்கிலத்துக்காகத் தமிழ் எதையும் இழக்கவில்லை.

மேல்நிலை மாணவர்களுக்கு எளிய ஆங்கில விக்கிப்பீடியா உதவும். 2001இல் தொடங்கிய இதில் யானை, மழை, ரப்பர் போன்ற தலைப்புகளில் எளிய நடையில் கட்டுரைகள் உள்ளன. சி. கே. ஆக்டன் என்பவர் 1930இல் 850 சொற்களைக் கொண்டு வகுத்த அடிப்படை ஆங்கிலத்தை இதன் எழுத்தாளர்களுக்கு ஒரு வழிகாட்டியாகக் காட்டுகின்றனர். பெற்றோர்களும் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். தடித்த அகராதியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில நூறு சொற்களை உண்மையாகவே கைவசப்படுத்திய பிள்ளை, அன்றாட வாழ்வின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் சொல்லிவிடும்.

பிராஜெக்ட் குட்டன்பர்க் மைக்கேல் ஹார்ட் என்பவரால் 1971இல் தொடங்கப்பட்டது. அதில் 70,000க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை நூறாண்டுக்கு முந்தைய கடின நடையில் அமைந்தவை. அவற்றை ஆசிரியர் எடுத்துச் சுருக்கி, எளிமையாக்கித் தருவதே பொருத்தம்.

வாய்க்கு

ஆங்கிலத்தில் பன்றிக்கு ஒரு சொல். பெரிது என்பதற்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: பிக், பிக். வேறுபாடே தெரியவில்லை அல்லவா? தமிழில் ஒரே பகர எழுத்து இடத்துக்கேற்ப ஒலிக்கிறது. சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் மென்மையான ஒலி என்பதைத் தமிழ்ப் பிள்ளை எண்ணாமலேயே கடைப்பிடிக்கிறது. ஆங்கிலமோ ஒரே இடத்தில் இரண்டு ஒலிகளையும் வைத்துப் பொருளை மாற்றுகிறது. சொல்லின் ஈற்றில் உகரம் சேர்த்துப் பஸ்ஸு, புக்கு என்று ஒலிப்பதும் இத்தகையதே. இது பிள்ளையின் குறையன்று. தாய்மொழியின் ஒலியமைப்பு வலுவாகப் பதிந்திருப்பதன் அடையாளம்.

நம் பிள்ளைகளுக்கு மலாய்மொழியும் தெரியும் என்பது ஒரு நல்வாய்ப்பு. மலாயில் காலைப்பொழுதுக்கும் கொடு என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் பாகி என்றே வரும். ஆனால் அவற்றைப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதில்லை. "அந்த வேறுபாடுதான் இங்கேயும்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஒரு மெல்லிய தாள் போதும். உதட்டுக்கு முன்னே தாளைப் பிடித்து ஆங்கிலத்தில் பன்றியைச் சொன்னால் தாள் துடிக்கும். பெரிது என்பதைச் சொன்னால் ஏறக்குறைய அசையாது.

இதற்கு நான் சேர்த்துக்கொள்ளும் இலவசக் கருவி ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் இந்தத் திறந்தமூல ஒலிப்பதிவு மென்பொருள் இணையம் இல்லாமலே இயங்கும். பிள்ளையின் குரல் திரையில் அலையாகத் தெரியும். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை, ஆசிரியர் சொல்வதற்கு முன்பே "இன்னொரு தடவை டீச்சர்" என்று கேட்கும். வகுப்பின் முன்னால் ஒரு சொல்கூடப் பேசாத மாணவி ஒருத்தி இருந்தாள். நூலகத்தின் மூலையில் தனியாக உட்கார்ந்து, பாட்டியும் காகமும் கதையை நான்கு முறை பதிவு செய்தாள். நான்காவதை அவளே தேர்ந்தெடுத்து, வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம் என்று தலையசைத்தாள். அன்று அவள் பேசியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் அதன்பிறகு அவள் கை அவ்வப்போது உயரத் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத பள்ளியில் கைப்பேசியே போதும். பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் பொதுவெளியில் ஏற்றாமல் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொள்வது நம் கடமை.

பயிற்சிக்கு

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹாட் பொட்டேட்டோஸ் என்னும் மென்பொருளைப் பழைய ஆசிரியர்கள் அறிந்திருப்பார்கள். கோடிட்ட இடம் நிரப்புதல், குறுக்கெழுத்து, இணைத்தல், சொற்களை வரிசைப்படுத்தல், வினாவிடை ஆகியவற்றை இதில் உருவாக்கலாம். 2009 முதல் எல்லாருக்கும் இலவசமாகிவிட்டது. தோற்றம் பழமையானதுதான். ஆனால் நாம் உருவாக்குவது நம் கணினியில் ஒரு கோப்பாக அமர்ந்துகொள்கிறது. இணையம் இன்றி எந்த உலாவியிலும் திறக்கும். பள்ளியின் பழைய கணினிகளுக்கு இதுவே போதும்.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியையும் அதைப் பின்தொடர்ந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஆசிரியரின் மேசையில் அவற்றுக்கு இடமுண்டு. ஒரு செய்தியை ஆண்டு 4க்கு ஏற்ற எளிய வாக்கியங்களில் தரச் சொல்லலாம்; ஒரே பத்தியை மூன்று நிலைகளில் எழுதித் தரச் சொல்லலாம். கிடைப்பதை வரிவரியாகச் சரிபார்த்த பின்னரே வகுப்புக்குக் கொண்டு செல்ல வேண்டும். தகவல் பிழைகளைத் தயக்கமின்றி எழுதிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. தொடக்கப்பள்ளி மாணவர் கையில் நேரடியாகத் தருவதற்கில்லை. சாட்ஜிபிடியின் விதிமுறையே பதின்மூன்று வயதை வரம்பாகக் கூறுகிறது. மேலும், பிள்ளைக்காக வாக்கியத்தை எழுதித் தரும் கருவி, பிள்ளை வாக்கியம் அமைக்கும் முயற்சியையே பறித்துவிடும்.

பெற்றோர்களுக்கு

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்த வீடுகளை நாம் அறிவோம். தந்தை வேலைக்குச் செல்லும்போது அக்கைப்பேசியும் கூடவே போய்விடும். அக்காலத்தில் நேரலை வகுப்புகளைக் காட்டிலும், புலனத்தின்வழி அனுப்பிய இரண்டு நிமிட ஒலிக்கோப்பும் அச்சிட்ட கதைத்தாளுமே அவ்வீடுகளுக்குள் சென்று சேர்ந்தன. இரவு அப்பா வீடு திரும்பியபின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். எளிய வழி வலிமையான வழி என்பதை அந்நாள்கள் காட்டின.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் பிள்ளையின் ஆங்கிலத்துக்கு உதவலாம். கதையை முதலில் தமிழில் பிள்ளையிடம் சொல்லுங்கள் அல்லது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அதே கதையை ஆங்கிலத்தில் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று உண்மையாகவே கேளுங்கள். பெற்றோருக்கு விளக்கம் சொல்லும் பிள்ளை ஆசிரியராகிவிடுகிறது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. மதிப்பெண்ணுக்காக அன்றி மொழிக்காகவே மொழியைக் கற்பிக்கும் வாய்ப்பு இப்போது நமக்குக் கிடைத்துள்ளது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு விரலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துக் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும், பத்து ஒலிக்கோப்புகள், உங்கள் கையால் உருவாக்கிய பத்துப் பயிற்சிகள் ஆகியவற்றைச் சேமியுங்கள். ஒவ்வொன்றிலும் உருவாக்கியவர் பெயரையும் உரிமத்தையும் மறவாமல் குறித்து வையுங்கள். உரிமம் அனுமதிப்பவற்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் ஒரு படி கொடுங்கள். நாளை எந்தத் தளம் மூடினாலும், எந்தக் கொள்கை மாறினாலும், நீங்கள் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றாலும், உங்களுக்குப்பின் அவ்வகுப்பறையில் நுழையும் ஆசிரியரின் கையில் அது இருக்கும்.

அடுத்த பதிவில், அவ்விரலியில் கதைகளைப் படிநிலை வாரியாக வரிசைப்படுத்தும் முறையைப் பற்றி எழுதுகிறேன்.